எதிர்க்கட்சி இங்கிலீஷ் படித்த கதை

ஹோட்டலில் அவளுக்கு எதிர்க்கட்சி என்று பெயர். ஸ்டோர் கீப்பர் வைத்தது. தரை துடைக்கும் மருந்தில் தண்ணீர் கலந்து கொடுத்தால், "இத நீங்களே குடிக்கலாம் போலிருக்கே" என்பாள். கிழிந்த கையுறையைக் கொடுத்தால் அவர் மேஜைமேலேயே திருப்பி வைத்துவிட்டு வருவாள். நிர்வாகம் எது செய்தாலும் எழுந்து நின்று கேள்வி கேட்கிறாள் என்று ஒருநாள் எரிச்சலில் அவர் சொல்ல, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "எதிர்க்கட்சி இல்லாத ஊரு உருப்பட்டிருக்கா?" என்று அதற்கும் ஒரு கேள்வி கேட்டாள்.

அறைகளைச் சுத்தம் செய்வது அவள் வேலை. படுக்கை விரிப்பு மாற்றி, தரை துடைத்து, குளியலறையும் கழிவறையும் கழுவி, துண்டை மடித்து வைத்துவிட்டு அடுத்த கதவைத் தட்ட வேண்டும். அவள் விரித்த படுக்கையில் சுருக்கம் தேடினால் கண்தான் வலிக்கும். அப்பேர்ப்பட்ட வாய்க்காரி, தங்க வந்தவர்கள் எதிரே வந்தால் மட்டும் ஊமையாகிவிடுவாள். அந்த ஹோட்டலுக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் இங்கிலீஷில்தான் பேசுவார்கள். இவளுக்கு குட் மார்னிங் தெரியும், தேங்க்யூ தெரியும், அதற்குமேல் ஒன்றும் தெரியாது.

ஒருநாள் அவளோடு அதே மாடியில் வேலை பார்த்த பெண்மேல் திருட்டுப் பழி வந்தது. மோதிரத்தைக் காணோம் என்று ஓர் அம்மாள் நடைபாதையில் நின்று கத்தினாள். அந்தப் பெண் அந்த அறைக்குள் காலே வைக்கவில்லை. அன்று அந்த அறையைச் சுத்தம் செய்ததே எதிர்க்கட்சிதான். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "மேடம்... ஷீ... மேடம்..." என்பதற்குமேல் வரவில்லை. தமிழில் சொன்னதைக் காதில் வாங்க அங்கே ஆள் இல்லை. சூப்பர்வைசர் அந்த அம்மாளிடம் குனிந்து குனிந்து ஸாரி சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணைச் சாயங்காலத்துக்குள் வேலையைவிட்டு அனுப்பிவிட்டார். மோதிரம் மறுநாள் அந்த அம்மாளின் பெட்டிக்குள்ளேயே, காலுறைக்குள் கிடைத்தது. அனுப்பிய பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டார்களா? கூப்பிடுவார்களா என்ன!

அன்றைக்கு எதிர்க்கட்சி வீட்டுக்கு வந்து சோற்றில் கைவைக்கவில்லை. "வாய் இருந்தும் ஊமை மாதிரி நின்னுட்டு வந்தேங்க" என்று புருஷனிடம் சொல்லி அழுதாள். அவள் அழுது அந்த மனுஷன் பார்த்ததே அதிகம் இல்லை. பயந்தே போய்விட்டார்.

அந்தச் சூப்பர்வைசர் வேறு ஊருக்குப் போக, மாடி சூப்பர்வைசர் இடம் காலியானது. யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், ஆனால் இங்கிலீஷில் பேசத் தெரியவேண்டும் என்றார்கள். விண்ணப்பித்தவர்களுக்கு ஒரு மெல்லிய புத்தகம் கொடுத்தார்கள். பாடத்துக்குப் பாடம் நபர் ஒன்று ஏதோ கேட்கும், நபர் இரண்டு பதில் சொல்லும். கடையில், ரயிலடியில், டாக்டர் வீட்டில், டெலிபோனில் என்று இரண்டும் ஊரெல்லாம் சுற்றும். ஒரு பார்ட்னரோடு தினமும் வாய்விட்டுப் பழகவேண்டும் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது.

பார்ட்னருக்கு எங்கே போவாள்? புருஷனை உட்கார வைத்தாள். அவர் எதைக் கேட்டாலும் 'யெஸ்' என்றார். ரயில் எத்தனை மணிக்கு என்றாலும் யெஸ், வயிற்றுவலி எப்போதிலிருந்து என்றாலும் யெஸ். கூட வேலை செய்கிறவர்கள் ஷிஃப்ட் முடிந்தால் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். கடைசியில் வீட்டு மாடிப்படியின் அடியில், துணி துவைக்கும் மெஷின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, இரண்டு நபரையும் தானே படித்தாள். நபர் ஒன்றுக்குத் தன் குரல், நபர் இரண்டுக்குக் கொஞ்சம் மூக்கால்.

இங்கே மாடியில் இருப்பவளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாடியில் இருப்பவள் இவளுடைய ஓரகத்தி, புருஷனின் அண்ணன் மனைவி. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகிறது. காரணம் சொத்தும் இல்லை, நகையும் இல்லை. ஒரு வார்த்தைதான். உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில், சின்னவள் எங்கே வேலை பார்க்கிறாள் என்று யாரோ கேட்க, இவள் "ஹோட்டல்ல" என்றாள். பெரியவள் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "ஹோட்டல்லன்னா மேனேஜர்னு நெனச்சுக்காதீங்க. கக்கூஸ் கழுவுறா. நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் செய்யாத வேலை" என்று சொல்லிச் சிரித்தாள். கூடமே சிரித்தது.

நான் கேட்கிறேன், அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் கக்கூஸ் போகாதவர் எத்தனை பேர்? அதைக் கேட்க அன்றைக்கு யாருக்கும் வாய் வரவில்லை. இவளுக்கே வரவில்லை. எழுந்தாள், செருப்பை மாட்டினாள், வீட்டுக்கு வந்தாள். அத்தோடு சரி. பிறகு அவசரமாக ஏதாவது சொல்லவேண்டுமென்றால், பெரியவள் எதிரிலேயே நின்றாலும், "உங்க அண்ணிகிட்ட சொல்லுங்க, டேங்க் நிரம்பி வழியுது" என்று புருஷன் மூலமாகத்தான் போகும். பெரியவளும் லேசுப்பட்டவள் இல்லை. "எனக்குக் கண்ணு இருக்குன்னு சொல்லுங்க" என்று அதே வழியாகப் பதில் அனுப்புவாள். நடுவில் நின்று அந்த மனுஷன்தான் தலையைச் சொறிவார்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் அது நடந்தது. படியடியில் இவள் புத்தகத்தைப் பார்த்து, "மணி என்ன?" என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டு, நபர் இரண்டுக்காக மூக்கைத் தயார் செய்துகொண்டிருந்தாள். மேலேயிருந்து பதில் வந்தது, இங்கிலீஷிலேயே. "மணி அஞ்சு. உன் குழாய் திறந்திருக்கு. தண்ணி போகுது."

இவள் நிமிர்ந்து பார்த்தாள். படியின் பாதியில் பெரியவள் நின்றிருந்தாள், சுவரைப் பார்த்தபடி. பேசமாட்டேன் என்று இரண்டு பேரும் முறைத்துக்கொண்டது தமிழில். இங்கிலீஷைப் பற்றி யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லையே! இவள் எழுந்துபோய்க் குழாயை மூடினாள். திரும்பி வந்து, அடுத்த வரியை நபர் ஒன்றின் குரலில் மட்டும் படித்துவிட்டுக் காத்திருந்தாள். பெரியவள் இறங்கி வந்து, புத்தகத்தை எட்டிப் பார்த்து நபர் இரண்டைப் படித்தாள்.

பெரியவளுக்குப் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இந்த வயதில் அது எதற்கு என்று கேட்பீர்கள். அவள் மருமகள் ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவள். நாள் முழுக்க போனில் இங்கிலீஷ். நடுநடுவே சிரிப்பு வேறு. தன்னைப் பற்றித்தான் பேசிச் சிரிக்கிறாள் என்று பெரியவளுக்கு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. பழக்கம் ஏற ஏற, மருமகள் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் புரியத் தொடங்கியது. ஒரு சாயங்காலம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "எல்லாம் ஆபீஸ் பேச்சு. என்னைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை" என்று இங்கிலீஷில் சொன்னாள். பாவம், அதில் அவளுக்கு ஏகப்பட்ட ஏமாற்றம்.

தினமும் நடந்தது. இரண்டு நாற்காலி, இரண்டும் சுவரைப் பார்த்து, நடுவில் முக்காலி, முக்காலிமேல் புத்தகம். ஒருநாள் இவள் நபர் ஒன்று, மறுநாள் அவள். அன்றைய பாடம் முடிந்ததும் எழுந்து போய்விடுவார்கள். பிறகு டேங்க் நிரம்பினால் பழையபடி புருஷன்தான் தூது. அவர்கள் பேசிய இங்கிலீஷை நான் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். அது ஒன்றும் சுத்தமான இங்கிலீஷ் இல்லை. இரண்டு பேருக்கும் புரிந்தது, அது போதும்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொந்தமாகப் பேசுங்கள் என்று ஒரு பாடம் வந்தது. வந்தது பார் வினை!

"என் பக்கத்து வீட்டுக்காரி மாடியில் இருக்கிறாள். அவள் காலையில் நாற்காலியை இழுக்கிறாள். என் தலையில் இழுக்கிறாள்" என்றாள் இவள்.

"என் பக்கத்து வீட்டுக்காரி கீழே இருக்கிறாள். அவள் ஈரத்துணியை என் கொடியில் போடுகிறாள்."

"அது உன் கொடி இல்லை. அது நம் மாமனார் கொடி."

"நான் முதலில் வந்தேன். நான் மூத்தவள்."

"மூத்தவளுக்கு ஒரு பக்கம். எனக்கு ஒரு பக்கம். இது நியாயம்."

அன்று இருட்டும்வரை ஓய்ந்தபாடில்லை. அகராதி வந்தது. தெரியாத வார்த்தைக்குக் கை ஆடியது. தமிழில் இத்தனை வருஷமாகப் பேசாமல் உள்ளே புழுங்கிக்கொண்டிருந்ததையெல்லாம் இங்கிலீஷில் கொட்டித் தீர்த்தார்கள். இவள் புருஷன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "தமிழ்ல சண்டை போட்டாலாவது எனக்குப் புரியும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

இதிலே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மற்றவர்கள் இங்கிலீஷ் பழகினால் வணக்கமும் நலம் விசாரிப்பும் பழகுவார்கள். இவர்கள் பழகியது வழக்காடுவது. ஏன், எப்படி, யார் சொன்னது, நீ பார்த்தாயா, நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இவையெல்லாம் இவள் நாக்கில் தண்ணீர்பட்ட பாடு. பணிந்து பேசுவது ஒன்றுதான் வரவில்லை. அதைப் பழக அங்கே அவசியமே ஏற்படவில்லை.

நேர்காணலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மன்னிப்புக் கேட்கும் பாடம் வந்தது. பெரியவள்தான் அன்றைக்கு நபர் ஒன்று. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தங்குதடை இல்லாமல் படித்தாள். நான் சொன்ன சொல்லுக்காக நான் மிகவும் வருந்துகிறேன்.

நபர் இரண்டு சொல்லவேண்டியது ஒரு சின்ன வரி. பரவாயில்லை, அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இவள் அதைப் பார்த்தாள். படிக்கவில்லை. பெரியவள் அந்த வரியின்மேல் விரலை வைத்துத் தட்டினாள். "உன் முறை" என்றாள் இங்கிலீஷில்.

இவள் தமிழில் கேட்டாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேர் சொன்ன முதல் தமிழ் அது. "இத நீங்க யாருக்குச் சொல்றீங்க?"

பெரியவள் திடுக்கிட்டாள். "புத்தகம்" என்றாள், இங்கிலீஷை விடாமல். "நபர் ஒன்று சொல்கிறது."

"அப்போ நபர் ரெண்டு எங்கேயாவது இருந்தா வந்து பதில் சொல்லட்டும். எனக்குச் சொல்றதா இருந்தா தமிழ்ல சொல்லுங்க. அன்னைக்குத் தமிழ்லதானே சொன்னீங்க?"

பெரியவள் முகம் சிவந்துவிட்டது. புத்தகத்தைப் படாரென்று மூடினாள். "உடம்பு பூரா திமிரு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு மாடி ஏறினாள். மறுநாள் இறங்கவில்லை. அதற்கடுத்த நாளும் இறங்கவில்லை.

"ஒரு வரி படிச்சா என்ன, நாக்கு தேஞ்சா போயிடும்?" என்றார் புருஷன். "வேலை வேணுமா வேண்டாமா உனக்கு?"

"வேணும்."

"அப்புறம் என்ன?"

"பரவாயில்லன்னு ஒருதடவை சொல்லிட்டா, அவங்களுக்கு அதோட கணக்குத் தீர்ந்துடும்ங்க. எனக்குத் தீரல."

தீரவில்லைதான். ஆனால் பார்ட்னர் போய்விட்டாளே! இவள் ஹோட்டலில் மாடி மாடியாகக் குளியலறைக் கண்ணாடிகளோடு பேசிப் பழகினாள். கண்ணாடி எதிர்த்துப் பேசாது. எதிர்த்துப் பேச ஆள் இல்லாவிட்டால் இவளுக்கு இங்கிலீஷ் வருவேனா என்றது. மன்னிப்புப் பாடம் மட்டும் திறக்காமலே கிடந்தது. ஒரே ஒரு வாரம், ஒரே ஒரு பாடம், பல்லைக் கடித்துக்கொண்டு படித்திருக்கலாம் என்று அவளுக்கே இரண்டொரு தடவை தோன்றியது. தோன்றியதும் இன்னும் கோபம் வந்தது.

நேர்காணல் அன்று இவளுக்கு முன்னால் போனவன் சலவைப் பிரிவுக் கிளார்க். வெளியே வரும்போது அவன் முகத்தில் சிரிப்பு. "ஒண்ணுமில்லக்கா. கெஸ்ட் மாதிரி கத்துவாங்க. ஸாரி ஸாரின்னு சொல்லிட்டே இருங்க, முடிஞ்சுது" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான்.

உள்ளே மேனேஜரும் ஊழியர் பிரிவு அதிகாரி அம்மாளும் இருந்தார்கள். முதலில் நன்றாகவே போனது. பெயர், குடும்பம், வேலை, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். தடுக்கிய இடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டு போனாள். மேனேஜர் புருவத்தை உயர்த்தினார். பிறகு அதிகாரி அம்மாள், இப்போது நான் விருந்தாளி, நீ சூப்பர்வைசர் என்று சொல்லிவிட்டு, குரலை மாற்றிக் கத்த ஆரம்பித்தாள். என் சங்கிலியைக் காணோம், உன் வேலைக்காரிதான் எடுத்திருக்கிறாள்.

எதிர்க்கட்சிக்கு இந்தத் தடவை இங்கிலீஷ் வந்தது. "மேடம், சங்கிலி காணாமல் போனது கஷ்டம்தான். நான் உங்களோடு சேர்ந்து தேடுகிறேன். பெட்டி, படுக்கை, எல்லாம் தேடுவோம்."

"நான் தேடிவிட்டேன். கக்கூஸ் கழுவுகிறவர்கள் எல்லாம் இப்படித்தான். என்னிடம் மன்னிப்புக் கேள். அவளை இப்போதே வீட்டுக்கு அனுப்பு."

"அவள் எடுத்ததை நீங்கள் பார்த்தீர்களா?"

"மன்னிப்புக் கேள் என்றேன்."

"சங்கிலி போனதற்கு ஸாரி. அவளுக்காக ஸாரி இல்லை. நீங்கள் பார்க்கவில்லை. பார்க்காமல் திருடி என்கிறீர்கள். கக்கூஸ் கழுவுகிறவள் என்கிறீர்கள். நானும் கழுவுகிறேன். நாங்கள் கழுவுவதால்தான் நீங்கள் காலையில் மூக்கைப் பிடிக்காமல் உள்ளே போகிறீர்கள். நீங்கள்தான் அவளிடம் ஸாரி சொல்லவேண்டும்."

இவ்வளவு நீளமாக இங்கிலீஷ் அவள் வாழ்க்கையில் பேசியதில்லை. மூச்சு வாங்கியது. அதிகாரி அம்மாள் பேனாவை மூடினாள். மேனேஜர் தமிழுக்கு வந்தார். "இது சும்மா நடிப்புதாம்மா. இங்கிலீஷ் நல்லாத்தான் பேசுறே. ஒரு ஸாரி சொல்லி முடிச்சிடு, நாங்களும் எழுதிக்கறோம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வேலையைக் கையில் எடுத்து நீட்டுகிறார். ஒரு வார்த்தை சொன்னால் நாளையிலிருந்து சாவிக்கொத்து இவள் இடுப்பில். இவளுக்கும் அது தெரிந்தது. ஆசையாகவும் இருந்தது. வேலையைவிட்டு அனுப்பப்பட்ட அந்தப் பெண் நடைபாதையில் நின்ற நிலையும் கூடவே கண்ணில் வந்தது.

"நடிப்புல சொல்லிப் பழகினா நெஜத்துலயும் வாய் தானா சொல்லிடும் சார்" என்றாள். "பழக்கம் அப்படித்தான். நான் அத மட்டும் பழகல."

சாயங்காலம் பலகையில் பெயர் ஒட்டினார்கள். சலவைப் பிரிவுக் கிளார்க். இங்கிலீஷ் தேவலை, மனப்பான்மைதான் சரியில்லை என்று அதிகாரி அம்மாள் இவளிடம் சொன்னாள். இவள் கிளார்க்கைத் தேடிப்போய்க் கைகுலுக்கிவிட்டு, துடைப்பத்தையும் வாளியையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். தப்பு செய்துவிட்டோம் என்று அழவில்லை. கைக்கு வந்த சூப்பர்வைசர் வேலை போச்சே என்று அழுதாள். அழக்கூடாதா என்ன!

வீட்டு வாசலில், படியின் கடைசியில், பெரியவள் உட்கார்ந்திருந்தாள். எப்போதிலிருந்து உட்கார்ந்திருக்கிறாளோ தெரியாது. "ரிசல்ட்?" என்றாள்.

"நோ."

"வொய்?"

இவளுக்கு இங்கிலீஷில் சொல்லத் தெம்பில்லை. "ஸாரி சொல்லச் சொன்னாங்க. சொல்லல" என்றாள் தமிழில்.

"எதுக்கு ஸாரி?"

"கெஸ்ட் மாதிரி வேஷம் போட்டு அந்த அம்மா பேசினாங்க. கூட வேலை பாக்குறவ திருடிட்டாளாம். கக்கூஸ் கழுவுறவங்க எல்லாம் இப்படித்தானாம். அதுக்கு நான் அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணுமாம்."

பெரியவள் விருட்டென்று எழுந்தாள். கண்ணாடி மூக்கில் சரிந்தது. இங்கிலீஷ் எங்கே போனதோ! "யாருடி அவ? அவ வீட்டுல யாரும் கக்கூஸ் போக மாட்டாங்களா? உழைச்சுச் சாப்பிடுறவளப் பாத்து எப்படி வாய் வந்துச்சு அவளுக்கு? நாலு பேர் இருக்குற எடத்துல வச்சுக் கேவலமாப் பேசிட்டு, நம்ம வீட்டுப் பொண்ண..."

அங்கே நின்றுவிட்டது. வாய் திறந்தபடியே இருந்தது. இவள் உதவிக்குப் போகவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டியபடி பார்த்துக்கொண்டு நின்றாள். மாடியில் மருமகளின் போன் பேச்சு கேட்டது.

பெரியவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். துடைத்ததையே துடைத்தாள். "அன்னைக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்து, தொண்டையைச் செருமினாள். "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எல்லாரையும் வச்சுக்கிட்டு. தப்புதான். நான் செஞ்சது தப்புதான்."

"ஆமா" என்றாள் இவள். "தப்புதான்."

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். "அவ்வளவுதானா? பரவாயில்லன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

"பரவாயில்லன்னா இத்தனை வருஷம் எதுக்குக்கா பேசாம இருந்தேன்?"

அக்கா என்று வாயில் வந்துவிட்டதை இருவருமே கவனித்தார்கள். பெரியவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கொஞ்சம் நகர்ந்து படியில் இடம் விட்டாள். இவள் உட்கார்ந்தாள். கால் கடுத்தது.

"திரும்பவும் கூப்பிடுவாங்களா?" என்றாள் பெரியவள்.

"எடம் காலியானா கூப்பிட்டுத்தானே ஆகணும்? நானும் போவேன்."

"அப்பவும் அதே மாதிரி ஸாரி கேக்கச் சொல்வாங்களே?"

"சொல்லட்டும்" என்றாள் எதிர்க்கட்சி.